அடுக்களைப் பேச்சு: ஒட்டுவதற்குப் படம் இல்லாத நடிகை



மழைக்காலத்துக்கு ஏற்ற கஷாயங்களைப் பற்றி இந்த இதழில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஞாபகம் இருக்கிறது. ஆனால் கஷாயம் அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டு அடுக்களையில் பத்து நாளைக்கு முன்னால் நடந்த ஒரு சமாசாரத்தை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு வேறு எதுவும் எழுத ஓடாது.

அன்றைக்குச் சாயங்காலம் புதுக்கடையில் நல்ல மழை. சந்தைக்குப் போன என் வீட்டுக்காரர் மரச்சீனிக் கிழங்கும் கொஞ்சம் நெத்திலியும் வாங்கிக்கொண்டு நனைந்து வந்தார். மாமி (என் மாமியாருக்கு எண்பத்தாறு வயது) பலகையைப் போட்டு உட்கார்ந்து கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தார். இந்த வயதிலும் அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பேத்தி கையில் போனோடு வந்து நின்றாள்.

"பாட்டி, ஸ்கூல்ல புராஜெக்ட் தந்திருக்காங்க. பேசாத படம் வந்த காலத்து நடிகை ஒருத்தரைப் பற்றி அஞ்சு பக்கம் எழுதணும். இன்னைக்கும் அவங்களை ஏன் எல்லாருக்கும் பிடிக்குதுன்னு எழுதணும். படமும் ஒட்டணும்."

போனைக் காட்டினாள். அமெரிக்கா, ஐரோப்பா நடிகைகள் வரிசையாக வந்தார்கள். சுருட்டை முடி மேரி பிக்ஃபோர்டு, பெரிய கண் லில்லியன் கிஷ், குறும்புச் சிரிப்பு கிளாரா போ... அழகுக்கு என்ன குறைச்சல்! ஆளுக்கு நூறு படம். எதை வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் இல்லாமலா? டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ரூபி மையர்ஸ், சுலோச்சனா என்ற பெயரில் நடித்து பம்பாயையே ஒரு கலக்குக் கலக்கினார். நம்ம டி.பி. ராஜலட்சுமியும் மௌனப் படத்தில் தொடங்கியவர்தான். குழந்தையிலேயே கல்யாணம் ஆகி, அது நிலைக்காமல் போய், நாடக மேடைக்கு வந்தவர். 1931-ல் 'காளிதாஸ்' படத்தில் பேசிப் பாடி நடித்தார். 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தானே இயக்கினார். இவர்கள் முகமெல்லாம் நமக்குத் தெரியும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "ஏன் மக்ளே, நாகர்கோவில்லயே ஒரு மௌனப் பட நடிகை இருந்தாங்களே, பி.கே. ரோஸி. அவங்களைப் பற்றி எழுதேன்" என்றேன்.

தேடினாள். தேடித்தேடிப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்: "இவங்க படமே இல்லையே பாட்டி. நான் எதை ஒட்டுவேன்?"

நியாயமான கேள்விதானே? நடிகை என்றால் முகம். முகமே இல்லாத நடிகையை யாருக்கு, எதற்காகப் பிடிக்கும்?

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

* * *

நம் நாட்டில் சினிமா பிறந்தபோது, அதில் நடிக்கப் பெண்கள் வரவில்லை. 1913-ல் தாதாசாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தார். ராணி தாராமதியாக நடித்தது யார் தெரியுமா? அண்ணா சாலுங்கே என்ற ஓட்டல் சமையல்காரர்! பால்கே தேடாத இடமில்லை. எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. அதே 1913-ல்தான் துர்காபாயும் அவர் மகள் கமலாபாயும் பால்கேயின் அடுத்த படத்தில் துணிந்து நடித்தார்கள். அதற்குப் பிறகும் பல வருஷம், சினிமாவில் நடிக்கிற பெண் என்றால் குடும்பத்துக்கு ஆகாதவள் என்றுதான் பேச்சு.

அந்தக் காலத்தில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் முழுவதும் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் திருவனந்தபுரத்துக் கதை என்றால் எங்களுக்கு அது பக்கத்து வீட்டுக் கதை மாதிரி.

அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டானியேல். சினிமா எடுத்தே தீருவது என்று ஒரு பிடிவாதம். சொந்த நிலத்தை விற்றார். திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தைத் தானே எழுதி, தானே இயக்கி, தானே கதாநாயகனாகவும் நடித்தார். விகதகுமாரன் என்றால் காணாமல் போன பிள்ளை என்று அர்த்தம். ஒரு பணக்கார வீட்டுப் பையனைச் சிறு வயதில் இலங்கைக்குக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். அவன் தோட்டத்தில் கூலியாக வளர்ந்து, பிறகு எப்படி வீடு திரும்புகிறான் என்பது கதை. புராணப் படமாக வந்துகொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு குடும்பக் கதை!

கதாநாயகி சரோஜினி, நாயர் வீட்டுப் பெண். அதற்குத் திருவிதாங்கூரில் ஆள் கிடைக்கவில்லை. பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்தும் ஒத்துவரவில்லை. கடைசியில் டானியேலின் கண்ணில் பட்டவர்தான் ரோஸி.

ரோஸியின் வீட்டுப் பெயர் ராஜம்மா. 1903-ல் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் ஒரு புலையர் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். புல் அறுத்து விற்றுப் பிழைத்த குடும்பம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நாடகத்தின் மேல் உயிர். காக்காரிசி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான், அதுவரை வாயே திறக்காமல் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த எங்கள் மாமி நிமிர்ந்தார்.

"காக்காரிசியா? நான் கண்டிருக்கேன் பிள்ளே" என்றார்.

"எங்க மாமி?"

"எனக்க ஊர்லயாக்கும். அறுப்பு முடிஞ்ச வயல்ல. பந்தம் கொளுத்தி வச்சிருப்பினும். காக்காலனும் காக்காத்தியும் வருவினும். பாதி தமிழு, பாதி மலையாளம். சிரிச்சு வயிறு நோவும். பொம்பள வேஷமும் ஆம்பளதான் கெட்டுவினும். பொம்பள ஆடுனா சும்மா விடுவினுமா?"

பேத்தி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் ஆச்சரியம். சிவனும் பார்வதியும் குறவன் குறத்தி போலக் காக்காலன் காக்காத்தியாக வேஷம் கட்டி வந்து ஆடிப் பாடும் அந்த நாடகத்தைப் பற்றி நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பார்த்தவர் என் வீட்டு அடுக்களையிலேயே நாற்பது வருஷமாக இருந்திருக்கிறார்!

ஆண்களே பெண் வேஷம் கட்டிய அந்த மேடையில் பெண்ணாகவே போய் நின்றவர் ரோஸி. அந்தத் துணிச்சல்தான் டானியேலை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாளைக்கு ஐந்து ரூபாய் கூலி, பத்து நாள் வேலை என்று சொல்கிறார்கள். மதியச் சோற்றை வீட்டிலிருந்தே பாத்திரத்தில் கட்டிக்கொண்டு வருவாராம். கதாநாயகி!

* * *

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அடுத்து நடந்தது ஏன் என்று புரியும்.

இன்றைக்கு ஒரு புடவை எடுக்கப் போனால் நமக்கு என்ன கவலை? விலை, நிறம், சாயம் போகுமா போகாதா, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் நம் பாட்டிகளின் பாட்டிகளுக்குத் தோளில் ஒரு துணி போடுவதே போராட்டமாக இருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பல வருஷம் அடியும் அவமானமும் பட்ட பிறகு, 1859-ல்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு உத்தரவு போட்டது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு நிபந்தனை!

புலையர் பெண்களின் நிலைமை இன்னும் மோசம். கழுத்தில் கல்லும் பாசியும் கோத்த மாலைதான் போடலாம்; வேறு நகை கூடாது. 1915-ல் கொல்லம் பக்கத்துப் பெரிநாட்டில் அய்யன்காளியின் சொல்லைக் கேட்டு, பெண்கள் கூட்டமாக வந்து அந்தக் கல்லுமாலைகளை அறுத்து எறிந்தார்கள். கோயிலுக்குள் போக இந்த மக்களுக்கு வழி திறந்தது 1936 நவம்பரில்.

ரோஸி சரோஜினியாக வேஷம் கட்டியபோது இதில் எதுவும் பழங்கதை ஆகியிருக்கவில்லை. நாயர் வீட்டுப் பெண்ணைப் போல முண்டு உடுத்து, நகை போட்டு, தலையில் பூ வைத்து ஒரு புலையர் பெண் காமிரா முன்னால் நின்றார். நமக்கு அது அலங்காரம். அன்றைக்கு அதை எல்லை தாண்டியதாகத்தான் பார்த்தார்கள்.

படம் திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் வெளியானது. 1928 நவம்பர் என்று ஒரு கணக்கு, 1930 அக்டோபர் என்று இன்னொரு கணக்கு. ரோஸி உள்ளே உட்கார்ந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று பெரிய மனிதர்கள் சொல்லிவிட்டார்கள். தான் நடித்த படத்தைப் பார்க்க உள்ளே போக முடியாமல் நின்ற கதாநாயகியை நினைத்துப் பாருங்கள்.

கதாநாயகன் அவள் தலையில் இருந்த பூவை எடுத்து முத்தமிடுகிற காட்சி திரையில் வந்ததாம். கூட்டம் கொதித்து எழுந்தது. கல் பறந்தது. திரையைக் கிழித்தார்கள். அதோடு விடவில்லை. ரோஸியின் குடிசையைத் தேடிப் போய்த் தீ வைத்தார்கள்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர், இருட்டில் வந்த ஒரு லாரியை நிறுத்தினார். அதை ஓட்டியவர் பெயர் கேசவ பிள்ளை. அந்த லாரி நாகர்கோவிலுக்குப் போனது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பழைய ரோடு நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை வழிதான். எங்கள் புதுக்கடைக்காரர்கள் நாகர்கோவில் போக மார்த்தாண்டத்தில் பஸ் மாறி ஏறுகிற அதே ரோடு. இப்போதெல்லாம் அங்கே பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு அந்த லாரி ஞாபகம்தான் வருகிறது.

கேசவ பிள்ளை அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ரோஸி, ராஜம்மாள் ஆனார். நாகர்கோவிலில் குடித்தனம், குழந்தைகள், சமையல், துவைப்பு. பிறகு அவர் நடிக்கவில்லை. சினிமாவைப் பற்றிப் பேசவும் இல்லை. அம்மா கல்யாணத்துக்கு முன் ஏதோ நாடகத்தில் நடித்தவர் என்ற அளவுக்குத்தான் பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. 1988-ல் அவர் காலமானதாகச் சொல்கிறார்கள்.

நாலு சுவருக்குள் நம்மைப் போல ஒரு இல்லத்தரசி. அடுத்த வீட்டுக்காரிக்கு அவர் யாரென்று தெரிந்திருக்குமா?

* * *

படம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதுவும் போய்விட்டது.

அந்தக் காலத்துப் பிலிம் இப்போது மாதிரி இல்லை. நைட்ரேட் என்ற ரசாயனத்தில் செய்தது. ஒரு பொறி போதும், குபீரென்று பிடிக்கும். தண்ணீரில் முக்கினாலும் அணையாமல் எரியும். டானியேல் வீட்டில் மிச்சமிருந்த பிலிம் சுருளை, விவரம் தெரியாத வயதில் அவருடைய கடைசிப் பையனே விளையாட்டாகத் தீ வைத்து எரித்துவிட்டான். பிள்ளை பெற்ற நமக்குத்தான் தெரியும், கண் மூடித் திறப்பதற்குள் பிள்ளைகள் என்னவெல்லாம் செய்யும் என்று.

டானியேலும் கடன்பட்டு, ஸ்டூடியோவை மூடி, பல் வைத்தியராகப் பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி என்று ஊர் ஊராகப் போனார். கடைசிக் காலத்தில் அகஸ்தீஸ்வரத்துக்குத் திரும்பினார். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்குக் கேரள அரசிடம் விண்ணப்பித்தால், உங்கள் ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதே, அங்கே கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். 1975-ல் கண்ணை மூடினார். அவருக்காக விடாமல் எழுதிப் போராடியவர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர். அதற்குப் பிறகுதான் டானியேலை மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் ஏற்றுக்கொண்டது. 1992-லிருந்து அவர் பெயரில் அரசு விருதும் கொடுக்கிறார்கள்.

ரோஸிக்கு இன்னும் தாமதம். வினு ஆபிரகாம் அவர் கதையை 'நஷ்ட நாயிகா' என்று நாவலாக எழுதினார். 2013-ல் கமல் என்ற மலையாள டைரக்டர் 'செல்லுலாய்டு' என்று படம் எடுத்தார். பிருத்விராஜ் டானியேலாகவும், சாந்தினி கீதா ரோஸியாகவும் நடித்தார்கள். நமக்குப் பிரியமான பாடகி வைக்கம் விஜயலட்சுமி முதலில் பெயர் வாங்கியது அந்தப் படத்துப் பாட்டில்தான். 2019-ல் கேரளத்துச் சினிமாப் பெண்கள் சேர்ந்து ரோஸி பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். சென்னையில் டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்தியிருக்கிறது. 2023 பிப்ரவரி 10-ம் தேதி, அவருடைய 120-வது பிறந்த நாளில், கூகுள் முகப்பில் அவரை வரைந்து போட்டார்கள்.

எதைப் பார்த்து வரைந்தார்கள்? இவர்தான் ரோஸி என்று ஒரு மங்கலான படம் சுற்றி வருகிறது. அது அவர்தானா என்பதே சந்தேகம். அவர் நடித்ததில் ஒரு அடி பிலிம்கூட இல்லை. அவர் எப்படிச் சிரிப்பார், எப்படி நடப்பார் என்று பார்த்துச் சொல்ல இன்று யாரும் இல்லை.

"பிறகு ஏன் பாட்டி அவங்களை எல்லாருக்கும் பிடிக்குது?" என்று கேட்டாள் பேத்தி.

நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். மாமி சொன்னார்:

"நின்னாளில்லியா மக்ளே. நிக்கப்பிடாதுன்னு சொன்ன எடத்துல போய் நின்னாளில்லியா. அது போராதா?"

இதைவிட நான் என்ன எழுதிவிடப் போகிறேன்? அழகுக்காக ஒரு நடிகையை நினைவு வைத்திருப்பதுண்டு. நடிப்புக்காக வைத்திருப்பதுண்டு. ரோஸியிடம் நாம் பார்க்க இரண்டும் மிஞ்சவில்லை. நிற்கக்கூடாது என்றவர்கள் முன்னால் நின்றார் என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை பேர் அவரைத் தேடுகிறார்கள்.

* * *

சகோதரிகளே, கதை இதோடு முடிந்திருந்தால் நான் கஷாயத்தைத் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன்.

கிழங்கை அவிக்கப் போட்டுவிட்டு வந்து மாமி பக்கத்தில் உட்கார்ந்தேன். பேத்தி சும்மா கேட்டாள்: "பூட்டி, நீங்க நாடகத்துல நடிச்சிருக்கீங்களா?"

மாமி கத்தியைத் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நாடகமா? இல்ல மக்ளே. நான் வில்லுல பாடியிருக்கேன்" என்றார்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

மாமியின் அப்பா ஊர்க் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுப் பாடியவராம். அதுவே எனக்குப் புதுச் செய்தி. பதின்மூன்று, பதினாலு வயதில் இவரும் கூடப் போயிருக்கிறார். அப்பா வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்ல, இவர் இடப்பக்கம் உட்கார்ந்து தாளம் போட்டுப் பின்பாட்டுப் பாடுவாராம். இரண்டு கொடைக்காலம். "குடம் அடிக்கிற மாமன் சொல்லுவாரு, குட்டிக்க தொண்ட கணீருன்னு இருக்குன்னு" என்று சொல்லும்போது, அந்தச் சுருங்கிய முகத்தில் வந்த வெட்கத்தைப் பார்க்க வேண்டுமே!

பிறகு பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்துதான். பெண் பிடித்திருக்கிறது, ஆனால் பாட்டை நிறுத்த வேண்டும். நாலு பேர் முன்னால் உட்கார்ந்து பாடிய பெண் என்று வெளியில் யாருக்கும் தெரியக்கூடாது. அதுதான் பேச்சு. மாமியின் அப்பா சம்மதித்துவிட்டார். கோயில் முற்றத்தில் குழுவோடு எடுத்த ஒரே ஒரு போட்டோ இருந்ததாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவர் அண்ணன் அதில் தங்கை இருந்த பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டார்.

"அதுக்குப் பெறகு நீங்க பாடவே இல்லியா மாமி?" என்று கேட்டேன்.

"அடுக்களையில முணுமுணுன்னு பாடுவேன். பெறகு அதையும் விட்டேன்."

"ஏன்?"

மாமி சாதாரணமாகத்தான் சொன்னார். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. "நீ வந்த புதுசுல, பிள்ள ஒறங்குது மாமி, கொஞ்சம் மெள்ளன்னு சொன்னியே பிள்ளே. செரிதானே, பிள்ள ஒறங்கணுமில்லியா."

எனக்கு அது ஞாபகம்கூட இல்லை, சகோதரிகளே. கைக்குழந்தை வைத்திருக்கிற எந்தத் தாயும் சொல்கிற வார்த்தைதான். ராத்திரி முழுவதும் தூங்காத எரிச்சலில் சொல்லியிருப்பேன். அதைக் கேட்டு ஒரு மனுஷி வாயை மூடிக்கொண்டு, பிறகு நாற்பது வருஷம் திறக்கவில்லை. வீட்டில் பாட்டுச் சத்தம் நின்றுபோனதை நான் கவனிக்கவும் இல்லை.

ரோஸியை விரட்டியவர்களைப் பற்றிப் படிக்கும்போது, என்ன மனிதர்கள் இவர்கள் என்று ஆத்திரப்பட்டவள் நான். அவர்கள் செய்த கொடுமையும் நான் செய்ததும் ஒன்றல்ல. அது தெரியும். ஆனால் ஒரு பெண்ணின் குரல் அடங்குவதற்கு எப்போதும் கல்லும் தீயும் வேண்டும் என்பதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு சம்பந்தப் பேச்சு போதும். தூக்கக் கலக்கத்தில் சொன்ன ஒரு வார்த்தையும் போதும்.

வயதானவர்களிடம் நாம் தினமும் என்ன கேட்கிறோம்? மாத்திரை போட்டாச்சா, சுகர் பார்த்தாச்சா, வெளிக்குப் போனதா, கால் வலி எப்படி இருக்கிறது. கேட்க வேண்டியதுதான். இந்தப் பத்தியில் நானே அதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் யாராக இருந்தீர்கள் என்று நான் மாமியிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

* * *

அதனால் இந்த இதழில் உங்களுக்கு நான் கொடுக்கிற வீட்டு வேலை இதுதான். உங்கள் அம்மாவிடம், மாமியாரிடம், பாட்டியிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். கூட்டமாக இருக்கும்போது கேட்காதீர்கள், சொல்லமாட்டார்கள். பயறு உடைக்கும்போது, கீரை ஆயும்போது, தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது கேளுங்கள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். அவர்கள் சம்மதித்தால் போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் பழைய போட்டோ இருந்தால் அதையும் கவனியுங்கள். எங்கள் கடலோரப் பக்கத்து ஈரக்காற்றில் போட்டோ சீக்கிரம் பூத்துப் போகும். எனக்குத் தெரிந்த சில வழிகள்:

போட்டோவை ஓரத்தில் பிடித்து எடுங்கள். விரல் ரேகை படிந்தால் அந்த இடம் கெடும். பின்பக்க ஓரத்தில், யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று மெதுவான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். தடம் முன்பக்கம் தெரியும், மையும் பரவும்.

பசை, செல்லோடேப் இரண்டையும் தொடாதீர்கள். ஒட்டுகிற பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பத்தில் பழைய படங்களை வைத்தால் நாளடைவில் பிடித்துக்கொண்டு பிய்த்து எடுக்க வராது. தனித்தனி வெள்ளைக் காகித உறையில் போட்டு வையுங்கள்.

பரணிலும், மழைச் சாரல் படும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைக்க வேண்டாம். உள்ளறை பீரோவின் நடுத்தட்டு நல்லது. பூஞ்சை பிடித்திருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நிழலில் காயவைத்து, மிருதுவான காய்ந்த பிரஷ்ஷால் லேசாகத் தட்டினால் போதும்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிளாஷ் போடாமல் போனில் ஒரு நகல் எடுத்து, சொந்தக்காரர் இரண்டு பேருக்காவது அனுப்பிவிடுங்கள். ஒரே ஒரு சுருளாக ஒரே ஒரு வீட்டில் இருந்ததால்தான் 'விகதகுமாரன்' இல்லாமல் போனது. அதற்கு அடுத்து 1933-ல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படத்தின் பிரதி ஒன்று புனே திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால், இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது.

* * *

பேத்தியின் புராஜெக்ட் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே! ஐந்து பக்கமும் ரோஸியைப் பற்றியே எழுதினாள். படம் ஒட்ட வேண்டிய இடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு, உள்ளே எதுவும் ஒட்டாமல் விட்டுவிட்டாள். கீழே "பி.கே. ரோஸி, நாகர்கோவில்" என்று மட்டும் எழுதினாள். டீச்சர் கேட்டால் என்ன சொல்லுவாய் என்றேன். "கேக்கணும்னுதானே விட்டிருக்கேன் பாட்டி" என்றாள்.

மாமியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "போ பிள்ளே, அதெல்லாம் ஒரு காரியமா?" என்று சிரித்துவிட்டார். பாடச் சொல்லிக் கேட்டதற்கு, தொண்டை போய்விட்டது, மூச்சு வாங்குகிறது என்று மறுத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

ஆனால் முந்தாநாள் காலையில் நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அடுக்களைக்குள்ளிருந்து லேசாக ஒரு தாளச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமி தாம்பாளத்தின் விளிம்பில் கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. நான் சத்தம் காட்டாமல் கொல்லையிலேயே நின்றுகொண்டேன். மீதித் துணி வாளியில் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் கட்டாயம் கஷாயம்தான்: சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி எல்லாம் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.